கை மரத்தால் நரம்புதானா?

தோள் வலி, கை மரத்துப் போகிறது என்று வருகிறவர்கள் பெரும்பாலும் "நரம்புக் கோளாறு டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சாம்பியன் ரீஃப் ஆகட்டும், நம் கோலார் தங்கவயலின் வேறு எந்த மூலையிலிருந்து வந்தாலும் நான் முதலில் கேட்பது, "என்ன வேலை பார்த்தீங்க?"

ஒரு பெரியவர். சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷின் பிடித்தவர். மார்கழிக் காலையில் பச்சைத் தண்ணீரைத் தொட்டால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுக்கும். பிறகு நீலம், பிறகு சிவப்பு. வருஷக்கணக்கில் நரம்புக்கு மாத்திரை சாப்பிட்டிருந்தார். இப்படி நிறம் மாறினால் அது ரத்தக் குழாய் சுருங்குவது, கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் இண்டியானாவில் காற்றழுத்த உளி பிடித்த கல் தொழிலாளரிடம் இதையே 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்து எழுதினார். நம் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையே கொதிக்கும். அந்தச் சூட்டில் விரல் வெளுக்காது, மேலே குளிரில்தான் காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: குழாயைச் சுருக்கும் அந்த மிஷின் அதிர்வே நரம்பையும் கெடுக்கும். நிறம் திரும்பிய பிறகும் மதமதப்பு நிற்கிறதா? அப்படியானால் நரம்பும் பழுது.

நரம்பு என்றால் விரல் கணக்குப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, ராத்திரி எழுப்பி, கையை உதறினால் தேவலை என்றால் மணிக்கட்டில் அழுத்தம். சுண்டுவிரல் பக்கம் என்றால் முழங்கையைச் சந்தேகிக்கலாம். கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து கைக்குச் சுரீரென்று இறங்கினால் கழுத்தெலும்பு. ரத்தக் குழாய்க்கு இந்த விரல் கணக்கு கிடையாது. வேலை செய்யச் செய்யக் கை சோரும், ஓய்வில் சரியாகும், நாடி மெலியும். பிரஷர் பார்க்கும்போது இரண்டு கையிலும் பார்க்கச் சொல்லுங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் அது தடயம். கை முழுக்க வீங்கி நீலம் பாய்ந்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே நரம்பு, தமனி, சிரை மூன்றும் போகின்றன. அங்கே நசுங்குவது பெரும்பாலும் நரம்புதான்.

திடீரென்று கை குளிர்ந்து, வெளுத்து, நாடி நின்றதா? இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையுமா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

நேரம் முடிகிறது. சுரங்கம் 2001-இல் மூடிவிட்டாலும், மாரிகுப்பம் ரயிலேறி பெங்களூரில் கான்கிரீட் உடைக்கப் போகிற தம்பிகளே, பீடியை விடுங்கள், அது குழாயை இன்னும் சுருக்கும். டாக்டரிடம் கையைக் காட்டும்போது மிஷின் பிடித்த வருஷங்களையும் மறக்காமல் சொல்லுங்கள்.