பொத்தானா, கட்டளையா?

பாலிக் புலாவிலிருந்து மலையைத் தாண்டினால் பாயான் லெப்பாஸ். 1972இல் இன்டெல் வந்து இறங்கிய தொழிற்பேட்டை. டுரியான் தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே மென்பொருள் எழுதப்போகும் ஆசை உண்டு. இன்று எழுதிப் பழகுவதோ இருபது வரி ஜாவா நிரல். அதற்கு எந்தக் கருவி?

நெட்பீன்ஸ், எக்லிப்ஸ் என்றால் எல்லாம் ஒரே சாளரத்தில். பிழைக்குச் சிவப்புக் கோடு விழும். பொத்தானைத் தட்டினால் நிரல் ஓடும். 1983இல் டர்போ பாஸ்கல் பழக்கிவிட்ட சுகம் அது. ஆனால் பழைய கணினியில் அது திறப்பதற்குள் தே தாரே ஆறிப்போகும்!

எதிரணியோ 'மேக், ஆன்ட், மேவன் படி' என்கிறது. 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' எழுதியது, பல கோப்புகளில் மாறியவற்றை மட்டும் மறுபடி தொகுப்பதற்காக. ஒற்றைக் கோப்புக்கு அது எதற்கு? எலி வேட்டைக்குத் தவிலா?

நோட்பேடில் எழுதி, 'ஜாவாசி' என்று கட்டளையிட்டுத் தொகுத்தால் போதும். 2018இல் வந்த ஜாவா 11 முதல் 'ஜாவா' என்ற ஒரே கட்டளையே ஒற்றைக் கோப்பைத் தொகுத்து ஓட்டியும் விடுகிறது. பொத்தானை மட்டுமே அறிந்த பிள்ளை, பொத்தானே இல்லாத சர்வர் முன்னால் உட்கார்ந்தால் விழிக்கும். முதல் மாதம் கறுப்புத் திரையில் பழகட்டும். பிறகு நெட்பீன்ஸ். கோப்புகள் பத்தைத் தாண்டட்டும், மேவனைத் தொடலாம்.