மூன்று மைல் நடை
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



"இங்கிலாந்து அனுபவம் ஏதாவது பேசுப்பா" என்றார் செயலாளர். பாலம், பம்ப், பட்ஜெட் என்று ஆரம்பித்தால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் வேறொரு திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். மொத்த நீளம் ஏறக்குறைய மூன்று மைல். நான் போட்ட திட்டங்களிலேயே படுமோசமானது அதுதான்.

நான் ஷெஃபீல்டில் வேலை பார்க்கிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமையானால் சக ஊழியர்கள் 'பப் வாக்' கிளம்பிவிடுவார்கள். கிராமத்து வயல்வழியே இரண்டு மணி நேரம் நடை, கடைசியில் ஒரு பப்பில் மதியச் சாப்பாடு. பப் என்றதும் நம்ம ஊர் பாரை நினைக்காதீர்கள். கிராமத்துப் பப்பில் பாட்டி இருப்பார், குழந்தை இருக்கும், கணப்புக்கு முன்னால் நாய் படுத்திருக்கும். நான் குடிப்பதில்லை. ஏன் என்று ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு அப்போது 66 வயது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். புயலுக்கு மறுநாள் பத்து மைல் லைனைக் காலாலேயே அளந்து வருவார் என்று சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த மனிதருக்கு மூன்று மைல் என்ன பெரிய தூரம்? அம்மாவைப் பேத்தியிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கிளம்பினோம். "பப்" என்று அவரிடம் சொல்லவில்லை. "கிராமத்துச் சாப்பாட்டுக் கடைப்பா" என்று சொல்லி வைத்தேன்.

திட்டமெல்லாம் பலமாகத்தான் போட்டேன். ஆர்ட்னன்ஸ் சர்வே என்று 1791-லிருந்து நாட்டை அளந்து வரைபடம் போடும் நிறுவனம் அங்கே இருக்கிறது. அவர்களுடைய 'எக்ஸ்ப்ளோரர்' வரைபடத்தில் 4 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். பொதுநடைபாதை பச்சைக் கோடுகளாகத் தெரியும். நம்ம சர்வே கேம்ப்பில் வெயிலில் செயின் பிடித்த கைக்கு அதைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும்! ஈடேல் ரயில் நிலையத்திலிருந்து ஹாலின்ஸ் கிராஸ் என்ற மேட்டைத் தாண்டி காஸில்டன் ஊர் வரை தேர்ந்தெடுத்தேன். நான்கரை கிலோமீட்டர், 150 மீட்டருக்கு மேல் ஏற்றம்.

நேரக் கணக்குக்கு நெய்ஸ்மித் விதி. 1892-இல் ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. மணிக்கு மூன்று மைல். ஏற்றத்தில் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். கிட்டத்தட்ட 10 மீட்டருக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 70 நிமிடம் வந்தது. தாராளமாக ஐந்து நிமிடம் சேர்த்தேன். 11.45-க்குக் கிளம்பினால் ஒரு மணிக்குச் சாப்பாடு. கணக்கு சரி.

முதல் வயலுக்குள் நுழைந்ததுமே அப்பா நின்றுவிட்டார். "யார் வயல்டா இது? ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவோம்." சர்வீஸ் பூராவும் அடுத்தவர் நிலத்தில் கம்பம் நட அனுமதி கேட்டே பழகியவர். வேலியில் இருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டினேன். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு, நீலம் என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. நிலம் விவசாயியுடையது, அந்தக் கோட்டில் நடக்கிற உரிமை எல்லோருக்கும்.

அது சும்மா கிடைத்ததில்லை. எதிரே தெரிந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் அந்தக் காலத்தில் யாரையும் விடமாட்டார்கள். பணக்காரர்கள் பறவை வேட்டையாடும் இடம். 1932 ஏப்ரல் 24-ஆம் தேதி நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் தொழிலாளர்கள், வேண்டுமென்றே அதில் ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. பிறகு 1949-இல் வந்த சட்டப்படிதான் பொதுப்பாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறித்துப் பதிவு செய்தார்கள். 1951-இல் அந்தப் பகுதி, பீக் டிஸ்ட்ரிக்ட், நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. "நடக்கிறதுக்கா ஜெயிலுக்குப் போனாங்க!" என்று அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "நம்ம பக்கம் ஒரு வண்டிப்பாதை வழக்கே மூணு தலைமுறை ஓடுமேடா" என்றார்.

ஏற்றம் ஆரம்பித்ததும் பேச்சு நின்றது. முட்டிவலி. இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். காட்சி பார்ப்பதுபோல நின்றார். நானும் காட்சி பார்க்கிறார் என்றே நம்பினேன். ஈடேலில் கோயில் இல்லாத காலத்தில் சவப்பெட்டிகளை இந்த மேட்டைத் தாண்டித்தான் ஹோப் ஊருக்குத் தூக்கிப் போவார்களாம் என்று அளந்துவிட்டேன். "பொணம் தூக்கின வழியிலயா அப்பனைக் கூட்டிட்டு வந்தே?" என்று சிரித்தார். மேட்டுக்கு வரும்போதே மணி 1.10. இறக்கம் முட்டிக்கு அதைவிட மோசம்.

பப் வாசலுக்கு வந்தபோது 2.20. சமையலறை இரண்டு மணிக்கே மூடியாகிவிட்டது. அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது, கை நடுங்கியது, நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சர்க்கரை நோயாளி. காலை எட்டு மணிக்கு மாத்திரை போட்டு நாலு இட்லி சாப்பிட்டவர். என் பையில் வரைபடம் இருந்தது, திசைகாட்டி இருந்தது. ஒரு பிஸ்கட் இல்லை. பப்பில்தானே சாப்பிடப் போகிறோம், எதற்குச் சுமை என்று விட்டிருந்தேன்.

கல்லாவில் இருந்த அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு பெரிய டம்ளர் ஆரஞ்சு ஜூஸைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். பிறகு ரொட்டி, வெண்ணெய், சீஸ். கால் மணி நேரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்தார். வரிசையாக பீர் குழாய்கள். "ஏன்டா, கள்ளுக்கடைக்கா கூட்டிட்டு வந்திருக்கே?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நண்பர்களே, நெய்ஸ்மித் மேல் தப்பில்லை. அவர் விதி நல்ல காலும் நல்ல மூச்சும் உள்ளவர்களுக்கு. நான் பாதையை அளந்தேன், நடப்பவரை அளக்கவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய அப்பாவை வைத்துக் கணக்குப் போட்டேன். நல்லது எல்லாம் நடந்தால்தான் தாங்கும் என்று ஒரு பாலத்தைக் கட்டினால் நம்ம பேராசிரியர்கள் பாஸ் போடுவார்களா?

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போனோம். இந்த முறை கடைசியிலிருந்து முன்னுக்கு வந்தேன். பப்புக்குப் போன் செய்து, அன்று திறந்திருக்குமா, சமையல் எத்தனை மணி வரை என்று கேட்டேன். பல கிராமத்துப் பப்கள் திங்கட்கிழமை திறப்பதே இல்லை. பிறகு வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் அப்பாவைச் சாதாரணமாக நடக்கவிட்டு வாட்ச் பார்த்தேன். மணிக்கு இரண்டரை கிலோமீட்டர். மேடே இல்லாமல் பள்ளத்தாக்கிலேயே சுற்றிவரும் 4 கிலோமீட்டர் பாதையை எடுத்து, முந்தின சனிக்கிழமை நான் மட்டும் நடந்து பார்த்தேன். வேலி தாண்டும் மரப்படிகள் அந்த வரைபடத்தில் வராது. முட்டிக்கு அதுதான் எமன். எங்கே படி, எங்கே கேட், எங்கே கன்றோடு மாடு, நடுவில் எங்கே தார்ரோட்டுக்குத் திரும்பலாம் என்று குறித்துக்கொண்டேன். நடை 1 மணி 35 நிமிடம், படிகளுக்கு 15, உட்கார 20. பத்தரைக்குக் கிளம்பி 12.40-க்குப் பப்பில் உட்கார்ந்தோம். பையில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் இருந்தன. டிசம்பரில் போகிறவர்கள் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்று அப்பா சூப்பைக் குடித்துவிட்டு, "போன தடவை நீ முன்னாடி போனே. இந்தத் தடவை கூட வந்தே" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கு மேல் எனக்கு எந்த ரிப்போர்ட்டும் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மாலை நிகழ்ச்சி நிரலில், "பழைய ஹாஸ்டல் வரை நடை, 10 நிமிடம்" என்று போட்டிருக்கிறார்கள். அது நாம் முதல் பெல்லுக்கு ஓடிய காலத்துக் கணக்கு. முன்வரிசையில் எழுபதைத் தாண்டிய நம் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதை அரை மணி என்று திருத்துங்கள். அவர்கள் முன்னால் நடக்கட்டும், நாம் அவர்கள் வேகத்தில் போவோம். சுண்டலும் காபியும் ஹாஸ்டலுக்கே வரட்டும்.