மஞ்சள் விளக்கும் மில்லிமீட்டர் துருவும்



2005-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 8 லட்சம் பிக்கப், எஸ்யூவி வண்டிகளைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது. எல்லாம் 1999 முதல் 2002 வரையிலான மாடல்கள். ஓட்டியவர்கள் சொன்ன புகார் விநோதமானது. வேகமாகப் போகும்போது பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. சிக்னலை நெருங்கி, வண்டி ஊர்ந்து நிற்கப்போகிற கடைசிக் கட்டத்தில், காய்ந்த சாலையிலேயே ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கிவிடும். காலுக்கடியில் பெடல் கடகடவென்று அதிரும். வண்டியோ நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கும்.

காரணம் துரு. அதுவும் ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் என்று பேச வேண்டிய துரு.

பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் நின்று, டயர் சறுக்கும். சறுக்கும் டயர் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்படாது. அதைத் தடுக்க வந்ததுதான் ஏபிஎஸ். போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978-இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். நாலு சக்கரத்திலும் ஆளுக்கொரு சென்சார் உட்கார்ந்து வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரத்தின் வேகம் மட்டும் சட்டென்று விழுந்தால், அது லாக் ஆகப் போகிறது என்று கணினி முடிவு கட்டும். அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயில் அழுத்தத்தை வால்வு வழியாக இறக்கும், ஏற்றும், மறுபடி இறக்கும். ஒரு விநாடிக்குள் இது பலமுறை நடந்துவிடும். பெடல் அதிர்வது அதனால்தான். மழை நாளில் அவசரமாக மிதித்தபோது பெடல் உதறியது, ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிப்போய்ப் பட்டறைக்கு வருகிறவர்கள் உண்டு. நேயர்களே, அது பழுதில்லை. அந்த நேரத்தில் காலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சரி, அந்தத் துருவுக்கு வருவோம். பழைய வகைச் சென்சார் என்பது ஒரு காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும், அவ்வளவுதான். எதிரே பல் வைத்த இரும்பு வளையம் ஒன்று சக்கரத்தோடு சுழலும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். வெளியிலிருந்து கரண்ட் எதுவும் வேண்டாம். இவ்வளவு எளிமையான கருவியைக் காரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்! ஆனால் வேகம் குறையக் குறைய அதன் குரலும் தேய்ந்துகொண்டே போகும். பல்லுக்கும் சென்சாருக்கும் இடையே விடப்படும் சந்து சுமார் ஒரு மில்லிமீட்டர். சந்து கூடினால் குரல் இன்னும் தேயும்.

அந்த அமெரிக்க வண்டிகளில் சென்சார் உட்காரும் ஹப் பரப்பில் துரு ஏறி, சென்சாரையே மேலே தூக்கிவிட்டது. வேகமாக ஓடும்போது சிக்னல் பலமாக இருந்ததால் தெரியவில்லை. வண்டி ஊரும்போது மட்டும் சிக்னல் அறுந்து அறுந்து போனது. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரம் நின்றுவிட்டதாகக் கணினி நம்பி, பிரேக்கைத் தளர்த்திவிட்டது. திரும்ப அழைக்கப்பட்டவையும் நாடெங்கும் இருந்த வண்டிகள் அல்ல. குளிர்காலத்தில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவும் மிஷிகன், ஒஹாயோ, நியூயார்க் போன்ற மாநிலங்களின் வண்டிகள். வைத்தியம்? சென்சாரைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி துரு பிடிக்காமல் பூச்சுப் பூசி மாட்டுவது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. இந்த மாதிரிக் கோளாறில் டேஷ்போர்டின் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரியாமலே இருக்கலாம். கணினியின் கணக்கில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது!

விளக்கு எரிந்தால் என்ன செய்வது? சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பாருங்கள். எரியவே இல்லையென்றால், விளக்கு போயிருக்கலாம், இல்லை பழுதை மறைக்க யாரோ அதன் வாயை அடைத்திருக்கலாம். ஓட்டும்போது மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பெரும்பாலும் வேலை செய்யும், ஏபிஎஸ் உதவி மட்டும் கிடைக்காது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் பிரேக்கின் சிவப்பு விளக்கு கூடச் சேர்ந்து எரிந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். முதலில் பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள்.

பட்டறையில் ஸ்கேனரை மாட்டுவார்கள். மலிவான ஸ்கேனர்கள் பல இன்ஜின் குறியீடுகளை மட்டுமே படிக்கும், ஏபிஎஸ் பக்கமே போகாது. நல்ல ஸ்கேனரில் சி0035 என்று வந்தால், பொதுவாக முன் இடது சக்கரச் சென்சாரின் மின்சுற்று என்று பொருள். சுற்று என்றால் சென்சார், வயர், கப்ளர் எல்லாம் சேர்ந்தது. குறியீட்டைப் பார்த்ததுமே புதுச் சென்சாருக்கு ஆர்டர் கொடுப்பதில்தான் வாடிக்கையாளரின் பணம் வீணாகிறது. வயரை எலி கடித்திருக்கலாம். நம் ஊரில் இது வேடிக்கைப் பேச்சில்லை, இரவில் நிற்கும் காரின் கதகதப்பு எலிக்குப் பிடித்த இடம். கப்ளருக்குள் மழைத் தண்ணீர் போய்ப் பச்சையாகப் பூத்திருக்கலாம். ஸ்டீயரிங் திரும்பத் திரும்ப வயர் வளைந்து, உள்ளே செம்பு அறுந்து, மேல் உறை மட்டும் முழுசாகத் தெரியலாம்.

அனுபவப்பட்ட மெக்கானிக் என்ன செய்வார்? பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து ஸ்கேனர் திரையில் நாலு சக்கர வேகத்தையும் ஓடவிட்டு, காலியான சாலையில் மெதுவாக ஓட்டுவார். மூன்று சக்கரம் 15 காட்ட, ஒன்று மட்டும் 15, 0, 15 என்று குதித்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். பழைய வகைச் சென்சாரென்றால் மல்டிமீட்டரில் ஓம் பார்த்து, மறுபக்கச் சென்சாரோடு ஒப்பிடலாம். பல வண்டிகளில் ஆயிரம் ஓமைச் சுற்றி வரும். இப்போதைய கார்களில் இருப்பது கரண்ட் கொடுத்தால் மட்டும் பேசும் புது வகை. அதை ஓம் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

புது வகையில் ஒரு கூத்து உண்டு. பல் வளையத்துக்குப் பதிலாக, சக்கர பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே கண்ணுக்குத் தெரியாத காந்தத் துருவங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். பார்வைக்கு அது சாதாரண ரப்பர் மூடிதான். பேரிங் மாற்றுகிறவர் அதைத் திருப்பிப்போட்டு அழுத்திவிட்டால், சக்கரம் ஓசையில்லாமல் அருமையாகச் சுழலும், ஆனால் சென்சாருக்கு ஒன்றும் கேட்காது. பிறகு எத்தனை சென்சார் மாற்றினாலும் விளக்கு அணையாது. அழுத்துமுன் மெல்லிய இரும்புக் கிளிப்பை இரண்டு பக்கமும் காட்டிப் பார்த்தால் போதும், ஒட்டும் பக்கம் சென்சாரைப் பார்க்க வேண்டும். பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிந்தால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும்.

நேரம் நெருங்குகிறது. கணினியும் வால்வுகளும் அடங்கிய ஏபிஎஸ் யூனிட்டே கெடுவதும் உண்டு. 1990-களின் வால்வோ கார்கள் சிலவற்றில் அதன் உள்ளே சால்டரில் விரிசல் விழுந்து, சூடேறினால் விளக்கு எரிந்து, ஆறினால் அணையும். 2023-இல் ஹூண்டாயும் கியாவும் அமெரிக்காவில் சுமார் 34 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தன. யூனிட்டுக்குள் பிரேக் ஆயில் கசிந்து ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம் என்பதால், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். தீர்வாக மாட்டியது ஒரு புது பியூஸ்! ஆனாலும் யூனிட்டைக் குறை சொல்லுமுன் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் இறங்கினாலே ஏபிஎஸ் மூட்டை கட்டிவிடும்.

யூனிட்டின் ஆயுளுக்கு ஆயிலும் முக்கியம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். அந்த ஈரம் யூனிட்டின் வால்வுகளையும் உள்ளிருந்து அரிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பல நிறுவனங்கள் சொல்லும் கணக்கு. யூனிட்டைக் கழற்றி மாட்டினால் ஏர் எடுக்கப் பல கார்களில் ஸ்கேனர் வழியாகப் பம்ப்பை ஓட்ட வேண்டும், பெடலை மிதித்து மட்டும் முழுசாகப் போகாது.

அடுத்த முறை உங்கள் காரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து, சென்சார் போச்சு என்று பட்டறையில் சொன்னால், நாலு சக்கர வேகத்தையும் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிக் கேட்பீர்கள் என்று நம்பலாமா?