கறிவேப்பிலைக் கன்றும் மின்விளக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பேச வல்லோர் பலர் இருக்கும் இம்மேடையில், ரயில்வே எழுத்தராகிய எம்மைச் செடிக்கு விளக்கிடுவது பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும் இவ்விஷயத்தில் பட்டறிவு உண்டு.

எம் அன்னையார் கடைசி முறை தில்லிக்கு வந்தபோது, தஞ்சை மாவட்டத்து வீட்டுக் கொல்லையிலிருந்து கறிவேப்பிலைக் கன்று ஒன்று கொணர்ந்தார். இன்று அவர் இல்லை, கன்று இருக்கிறது. தில்லியின் மார்கழி, தைக் குளிர் அதற்கு ஆகாது. ஆகவே தொட்டியை அறைக்குள் வைத்தோம். உள்ளே குளிர் குறைந்தது, வெளிச்சமும் குறைந்தது. நண்பகல் வெயிலின் ஒளி 1,00,000 லக்ஸ் வரை எட்டும். அறைக்குள்ளோ சில நூறு லக்ஸ்தான். நம் கண் அதற்குப் பழகிவிடும், இலை பழகாது.

வெளிச்சத்திற்காக 100 வாட் குண்டு பல்பு ஒன்றை இலைக்கு அருகில் தொங்கவிட்டோம். பத்தே நாட்களில் நுனி இலைகள் கருகின. பிழை எம்முடையதே. குண்டு பல்பு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறத்தாழ 5 விழுக்காடே கண்ணுக்குப் புலப்படும் ஒளியாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். 100 மூட்டை ஏற்றி 5 மூட்டையை மட்டும் ஊர் சேர்க்கும் வண்டிக்கு யாரேனும் கூலி கொடுப்பார்களா? நாம் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

கணக்கைப் பாருங்கள். 100 வாட் பல்பு நாள்தோறும் 12 மணி நேரம் எரிந்தால் மாதம் 36 யூனிட். 20 வாட் எல்.இ.டி. டியூப் லைட் அதே நேரம் எரிந்தால் 7.2 யூனிட். பல்பு தருவது சுமார் 1,300 லூமன். டியூப் லைட் தருவது சுமார் 2,000 லூமன். ஐந்தில் ஒரு பங்கு செலவில் அதிக ஒளி! ஆகவே விளக்கு வாங்கும்போது வாட்டை மட்டும் பாராதீர்கள். ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன் என்று பாருங்கள். 100க்குக் குறையாதது நன்று.

செடிக்கென்றே ஊதா நிற விளக்குகள் விற்கின்றனவே என்று கேட்பீர்கள். இலைப் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக ஏற்பது உண்மை. ஆனால் வெள்ளை எல்.இ.டி. ஒளியிலும் அவ்விரண்டும் உள்ளன. திறன்மிக்க நீல எல்.இ.டி.யை ஆக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது; வெள்ளை எல்.இ.டி. அந்த நீலத்திலிருந்து பிறந்ததே. மேலும், ஊதா வெளிச்சத்தில் இலையின் பழுப்பும் பூச்சியும் தெரியா. குழந்தைகள் படிக்கும் அறைக்கும் அது பொருந்தாது.

விளக்கைச் செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். கூரையில் மாட்டிய விளக்கு தரைக்கு ஒளி தரும், தொட்டிக்குத் தராது. பின்புறம் வெள்ளைத் தாள் வைத்தால் சிதறும் ஒளி இலைக்கே திரும்பும். செடிக்கும் இருள் வேண்டும், இரவில் அணைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுமுன் சுவிட்சை நிறுத்த மறவாதீர்கள்.

எல்லாவற்றிலும் சிக்கனமான விளக்கு சூரியனே. குளிர்காலத்தில் இங்கே வெயில் தெற்கே சாய்ந்து வருகிறது. எனவே முதலில் தெற்குச் சன்னலைத் தேடுங்கள். குறைவதை மட்டும் மின்விளக்கு நிரப்பட்டும். வெந்தயக்கீரைக்கும் கொத்துமல்லிக்கும் இது போதும். தக்காளியும் மிளகாயும் காய்க்க மிகுந்த ஒளி கேட்கும். சந்தையில் வாங்குவதே இலாபம்.

விளக்கு வெப்பத்திற்கு ஈடாகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். குளிரில் கறிவேப்பிலை உறங்கும், இலை உதிர்க்கும். அப்போது நீரைக் குறைக்க வேண்டும். எமது கன்றும் பாதி இலையை உதிர்த்தது; தண்டு மட்டும் பசுமையாய் நின்றது. பங்குனியில் அதன் கணுக்களில் தளிர் கண்டபோது வீட்டில் எவரும் பேசவில்லை. அன்று இரசத்தில் தாளிக்க ஓர் இணுக்குக்கூடப் பறிக்க எமக்கு மனம் வரவில்லை.

இவ்வாண்டு அதன் அடியில் இரண்டு பக்கக் கன்றுகள் முளைத்துள்ளன. வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.