மாகாணங்களின் பெயர் தாங்கிய எஞ்சின்கள்



தன்னாமுனையில் வாவிக்கரையை ஒட்டி வாழ்வோருக்கு விடியற்காலையில் இரண்டு ஒலிகள் நன்கு பழக்கமானவை. ஒன்று, தோணியின் விளிம்பில் சவள் தட்டும் ஓசை. மற்றொன்று, ஏறாவூர்ப் பக்கமிருந்து மட்டக்களப்பை நோக்கி வரும் புகையிரதத்தின் முழக்கம். பகலில் வீதியிலே ஓடும் பேருந்துகளும் லொறிகளும் அம்முழக்கத்தை விழுங்கிவிடும். இரவின் கடைக்கூற்றிலோ நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து, அதற்கு மேலே சற்று வெப்பமான காற்று நிற்கும். அவ்வேளையில் வானோக்கி எழும் ஒலி அங்கேயே கரைந்துவிடாது வளைந்து மீண்டும் தரைக்கு வருகின்றது. ஆகவேதான் தொலைவில் வரும் வண்டியும் வேலிக்கு அப்பால் வருவது போலக் கேட்கிறது.

அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்தில், வருவது எந்த எஞ்சின் என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இப்பகுதியில் உண்டு. புதிய எஞ்சினின் ஒலி ஒருவகை. பழைய 'கனடா எஞ்சின்' ஒலி வேறுவகை. பின்னது சீராகத் துடித்துக்கொண்டே வரும் ஒரு தொண்டைக் குரல். அக்குரலிடத்து மக்களுக்கு உண்டான பற்றினைப் பற்றியே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சிறு குறிப்பு. நீராவி எஞ்சின்கள் மறைந்த பின்னரும் இலங்கைத் தமிழர் 'புகையிரதம்' என்ற சொல்லை விட்டுவிடவில்லை. புகை போய்விட்டதே, இனி ஏன் இப்பெயர் என்று கேட்போருக்கு, ஏற்றத்தில் மூச்சுவாங்கும் ஒரு பழைய டீசல் எஞ்சினைக் காட்டினால் போதும். பெயர் பொய்யாகவில்லை என்பது விளங்கும்.

1950 ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பிலே பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கூடினர். அக்கூட்டத்திலிருந்து எழுந்ததே கொழும்புத் திட்டம். அத்திட்டத்தின் கீழ்க் கனடா தேசம் இலங்கைக்கு அளித்த உதவிகளில் மக்கள் கண்ணுக்கு மிகவும் தெரிந்தது டீசல் எஞ்சின்களேயாம். 1954 ஆம் ஆண்டு முதல் வரத்தொடங்கிய இவ்வெஞ்சின்களுக்கு எம்-2 வகுப்பு என்பது இலாகாவின் பெயர். ஒன்டாரியோ மாகாணத்தில் இலண்டன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் தொழிற்சாலையில் அவற்றுள் முதலில் வந்தவை கட்டப்பட்டன. 1966 வரையில் வந்து சேர்ந்தவை மொத்தம் 14.

நன்றி பாராட்டும் முகமாக அவற்றுக்குக் கனடாவின் மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒன்டாரியோ, அல்பேட்டா, சஸ்காச்சுவான், பிரிட்டிஷ் கொலம்பியா, கியூபெக், மனிற்றோபா, நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக், இளவரசர் எட்வேட் தீவு, நியூபவுண்லாந்து என்று பத்து மாகாணங்களுக்கும் பத்து எஞ்சின்கள். அதன் மேல் வந்த இரண்டுக்கு மொன்றியல், வன்கூவர் என்னும் நகரங்களின் பெயர்கள். பனியையே காணாத மட்டக்களப்புச் சிறுவன் ஒருவன் பனி மூடிய தேசம் ஒன்றின் பூகோளத்தைப் புகையிரத நிலைய மேடையில் நின்று மனனம் செய்யலாம். வகுப்பறையில் அதே பெயர்களைக் கற்பிக்க ஆசிரியர் படும் பாட்டை எண்ணும்போது, இதனை ஒரு சிறந்த போதனை முறை என்றே சொல்லவேண்டும்.

அக்காலத்தில் இலங்கைப் புகையிரதப் பகுதியில் டீசல் யுகத்தைத் தொடக்கிவைத்தவர் பி. டி. ராம்பால. பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும், பின்னர் 1955 முதல் பொது முகாமையாளராகவும் இருந்தவர். யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத்தொடங்கியதும், மட்டக்களப்புக்கு உதயதேவி என்று அழகிய பெயர் வாய்த்ததும் அந்தக் காலத்தின் உற்சாகத்தைக் காட்டுவன. கனடா எஞ்சின்களுக்குச் சற்று முன்னர் பிரித்தானியாவிலிருந்து 25 டீசல் எஞ்சின்கள் வந்திருந்தன. அவை நெடுங்காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. கனடாவிலிருந்து வந்தவற்றுள் சிலவோ அறுபது ஆண்டுகளைக் கடந்தும் வண்டி இழுத்தன. ஓர் எஞ்சினின் ஆயுள் முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு என்று கணக்கிடுவோருக்கு இது வியப்பாகவே இருக்கும்.

இதற்குக் காரணம் என்ன? டீசல் எஞ்சின் என்று நாம் பொதுவாகச் சொல்லுவதில் டீசல் இயந்திரம் நேரே சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. அது ஒரு மின்பிறப்பாக்கியைச் சுழற்றுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் அச்சுகளில் பொருத்திய மோட்டர்களை இயக்குகிறது. கனடா எஞ்சினுள் இருப்பது 12 உருளைகளைக் கொண்ட, ஏறத்தாழ 1,425 குதிரைவலுவுள்ள இயந்திரம். ஒவ்வோர் உருளையின் கொள்ளளவும் 567 கன அங்குலம். அவ்வெண்ணே அதன் பெயராயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் போர்த் தாங்கிகளைக் கரைசேர்த்த அமெரிக்கக் கப்பல்களை ஓட்டியதும் இதே 12 உருளை இயந்திரந்தான். நான்கு வீச்சு இயந்திரத்தில் ஆடுதண்டு இருமுறை இறங்கினால் ஒருமுறையே வலுப் பிறக்கும். இதுவோ இரண்டு வீச்சு இயந்திரம். இறங்கும் ஒவ்வொரு முறையும் வலுப் பிறக்கும். இடைவெளியில்லாத அந்தத் துடிப்பே முன்னர்ச் சொன்ன தொண்டைக் குரலின் இரகசியம்.

நீண்ட ஆயுளின் இரகசியம் வேறு. ஓர் உருளை பழுதுபட்டால் அதன் தலை, உள்ளுறை, ஆடுதண்டு எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகக் கழற்றி, வேறொரு தொகுதியை அவ்விடத்தில் இறக்கிவிடலாம். முழு இயந்திரத்தையும் பிரிக்கவேண்டியதில்லை. பிற்காலத்து இயந்திரங்களுக்கென்று செய்த உறுப்புகள் பலவும் இதற்குப் பொருந்தின. மேலும், இவ்வகுப்பின் பெரும்பாலான எஞ்சின்களில் முன்னும் பின்னும் மும்மூன்று அச்சுகள் உள்ளன. ஒவ்வொரு மூன்றிலும் நடு அச்சுக்கு மோட்டர் கிடையாது. இழுக்காத அச்சு எதற்கு என்று கேட்கலாம். அது பாரத்தைப் பகிர்ந்துகொள்வதற்காகவே நிற்கின்றது. மெல்லிய தண்டவாளங்களிலும் பழைய பாலங்களிலும் எஞ்சின் ஓட இயன்றது அந்த நடு அச்சினால். மாகோச் சந்தியிற் பிரிந்து, கல்லோயா கடந்து, மன்னம்பிட்டியிலும் ஓட்டமாவடியிலும் ஆறுகளைத் தாண்டி 1928 இல் மட்டக்களப்பை எட்டிய பாதை போன்ற பாதைகளுக்கு இது எத்துணைப் பொருத்தம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பழைய எஞ்சின்களிடத்து இத்தகைய பற்று இலங்கைக்கு மட்டும் உரியதன்று. மேற்கே அயர்லாந்து என்னும் சிறிய தீவில் இது ஏறக்குறைய ஒரு பண்பாடாகவே வளர்ந்திருக்கிறது. அயர்லாந்தும் இலங்கையைப் போலவே உலகப் பொது அகலத்தை விட்டு வேறோர் அகலத்தில் தண்டவாளம் இட்ட தேசம். அங்கே 5 அடி 3 அங்குலம், இங்கே 5 அடி 6 அங்குலம். 1955 முதல் அந்நாடு இங்கிலாந்திலிருந்து பெரிய எஞ்சின்கள் 60 ஐயும் சிறியன 34 ஐயும் வாங்கிற்று. அவற்றின் இயந்திரங்கள் ஓயாத தொல்லை கொடுத்தன. கடைசியில் 1960 களின் முடிவில் அவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு, ஜெனரல் மோட்டர்ஸ் இயந்திரங்களைப் பொருத்தினார்கள். பொருத்தியவை 645 கன அங்குல வகை. அதாவது நம்முடைய 567 இன் நேரடி வாரிசு. உடல் இங்கிலாந்தினது, இதயம் அமெரிக்காவினது! இந்த மாற்றிதயத்தோடு அவற்றுட் பெரியவை மேலும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு உழைத்தன. 1977 இல் சேவைக்கு வந்த 071 வகுப்பும் அதே குடும்பத்தது. ஒருகாலத்தில் விரைவு வண்டிகளை இழுத்த அந்தப் 18 எஞ்சின்களும் பிற்காலத்தில் பெரும்பாலும் சரக்கு வண்டிகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுக்குப் பின் வந்த 201 வகுப்போ ஒன்டாரியோவின் அதே இலண்டன் நகரில் கட்டப்பட்டது. இலங்கையில் மாகாணப் பெயர்கள் போல, அங்கே அயர்லாந்தின் ஆறுகளின் பெயர்கள்.

ஐரிஷ் ஆர்வலர்கள் 1989 இல் ஒரு சங்கம் அமைத்து, இரும்புக் கடைக்குப் போகவிருந்த டீசல் எஞ்சின்களைத் தம் கைப்பணத்தால் வாங்கினர். மழையில் நின்று துருச் சுரண்டி, வர்ணம் பூசி, சிலவற்றை மீண்டும் இயக்கவும் செய்தனர். நீராவி எஞ்சினின் அழகை எவரும் ஒப்புவர். எண்ணெய்ப் பிசுக்கும் பெட்டி வடிவமும் உடைய டீசல் எஞ்சினைக் காதலிப்பதற்கு ஒரு தனி மனம் வேண்டும் போலும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்புரையையும் கேட்டேயாகவேண்டும். எஞ்சினை நேசிப்பவர் கமராவோடு தண்டவாளத்தின் அருகே நிற்கிறார். அதனால் இழுக்கப்படுபவர் வண்டிக்குள் இருக்கிறார். மட்டக்களப்புப் பாதை ஒற்றைத் தடம். காட்டின் நடுவே ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் எதிரே வரும் வண்டியும் நிற்கும், பின்னே வரும் வண்டியும் நிற்கும். மறுநாட் காலை கொழும்பு வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நோயாளியிடம் அந்த எஞ்சினின் சரித்திரப் பெருமையைச் சொல்லிப் பயனில்லை. ஏழை நாடு ஒன்று பழையதை ஓட்டுவது பற்றினாலன்று, புதியதை வாங்க இயலாமையினால் என்று ஒருவர் சொன்னால் அதனை மறுக்க முடியாது. ஆர்வலர்கள் பலர் இவ்வுண்மையை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

ஆயினும் அந்த இயலாமையே ஒரு திறமையை வளர்த்தது என்பதையும் கூறவேண்டும். இரத்மலானைத் தொழிற்சாலையில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த மெக்கானிக்குகள், உதிரிப்பாகம் கிடைக்காதபோது ஒன்றைக் கழற்றி மற்றொன்றுக்குப் பூட்டினர். அதனால் இன்றைய 'அல்பேட்டா'வில் உள்ளதெல்லாம் 1954 இல் வந்த இரும்பு என்று எவரும் சத்தியம் செய்ய இயலாது. ஆர்வலர்கள் போற்றுவது கனடாவின் வேலையையா, இரத்மலானையின் வேலையையா என்று கேட்டால், இரண்டாவதற்கே கூடுதற் பங்கு கொடுக்கவேண்டும் எனத் தோன்றுகிறது. எஞ்சினின் விலாவில் அந்தக் கைகளின் பெயர் எழுதப்படவில்லை.

பெயர்களைப் பற்றிப் பேசும்போது, கடைசியாக வந்த இரண்டு எஞ்சின்களை விட்டுவிடலாகாது. அவற்றுக்கு உள்நாட்டுப் பெயர்களே இடப்பட்டன. ஒன்று காலி, மற்றொன்று காங்கேசன்துறை. 1990 இல் வடக்குப் பாதை யுத்தத்தால் அறுந்தது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் மறைந்தன. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி மீண்டும் போயிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் துறையை எந்த வண்டியும் அடையவில்லை. துறையின் பெயர் மட்டும் புகையிரதப் பகுதியின் பதிவேட்டில் ஓர் எஞ்சினின் பெயராய் நின்றது. கிழக்கிலும் போர்க்காலத்தில் மட்டக்களப்புப் பாதை பல ஆண்டுகள் ஓய்ந்து கிடந்தது. தன்னாமுனை மக்கள் விடியற்காலையில் தோணியின் ஓசையை மாத்திரம் கேட்ட காலம் அது. நின்றுபோன ஒலி மீண்டும் கேட்டபோது, அது எந்த எஞ்சினாயிருந்தால் என்ன என்று எவருக்கும் தோன்றியிருக்கும்.

இனி, 'மனிற்றோபா'. இலக்கம் 591. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி காலை கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்ற வண்டியை இழுத்தது இவ்வெஞ்சினே. இக்கடுவைக்கு அண்மையில் பெரலிய என்னும் ஊரில் முதல் அலை வந்து வண்டியை நிறுத்திற்று. பாரமான வண்டி பாதுகாப்பானது என்று நம்பி ஊர்மக்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். சிலர் அதன் மறைவில் நின்றார்கள். அதற்கப்பால் வந்த பேரலை பெட்டிகளைப் புரட்டிற்று. இறந்தோர் 1,700 பேருக்குக் குறையார் என்பது பொதுவான கணிப்பு. உலகப் புகையிரத வரலாற்றில் இதனிலும் பெரிய உயிரிழப்பு ஒரே வண்டியில் நிகழ்ந்ததில்லை. அதே நாளில் மட்டக்களப்பின் நாவலடியிலும் கல்லடியிலும் கடல் புகுந்தது என்பதைக் கிழக்கு நேயர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டுமோ?

தண்டவாளத்திலிருந்து தூக்கி எறியப்பட்ட அந்த எஞ்சினை இரும்பாக விற்றிருக்கலாம். கணக்குப் பார்ப்பவர் அதையே செய்திருப்பார். அப்படிச் செய்யாது, மீட்டுத் திருத்தி, அதன் பக்கத்தில் ஓர் அலையின் உருவத்தை வரைந்து, 2008 இல் மீண்டும் ஓடவிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 26 இல் அது பெரலியவுக்குச் சென்று நின்றது. பின்வந்த ஆண்டுகளிலும் நினைவுநாளில் அவ்வாறு சென்றது. அங்கே கூடுவோர் எஞ்சினைப் பார்க்க வருபவர்களல்லர். தம் பிள்ளையை, தாயை நினைக்க வருபவர்கள். ஆயினும் கடைசியாக அவர்களோடு இருந்த பொருள் அது. பழைய எஞ்சின்மேல் பற்று வைப்பது விளையாட்டுப் புத்தி என்று எண்ணுவோர், அந்நாளில் அங்கு ஒருமுறை நின்று பார்த்தல் நன்று.

14 எஞ்சின்களுள் சில அழிந்தும், சில கழிக்கப்பட்டும் போயின. எஞ்சியவையும் ஒருநாள் ஓயும். கடுகண்ணாவையில் 2014 இல் திறக்கப்பட்ட புகையிரத அரும்பொருட்சாலையில் ஒன்றுக்கு இடங் கிடைக்கலாம், கிடைக்கவும் வேண்டும். ஆனால் அரும்பொருட்சாலை எஞ்சின் மௌனமாக நிற்பது. பார்ப்பதற்கு அது போதும்; தன்னாமுனை முதியவரின் காதுக்கு அது போதாது. அந்த 12 உருளைகளின் துடிப்பையும், தண்டு தேய்ந்துவிட்டதை ஓசையாலேயே கண்டுபிடிக்கும் மெக்கானிக்கின் பேச்சையும், எஞ்சின் உயிரோடு இருக்கும்போதே ஒலிப்பதிவு செய்துகொள்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அது வானொலிக்கே உரிய வேலை. ஒலிவாங்கி ஒன்றுடன் வாவிக்கரைக்கு வரவேண்டும். விடிவதற்கு முன்னே, வீதியில் முதற் பேருந்து புறப்படுமுன்.