இரண்டாவது பயணம்

உழவையும் உணவையும் பற்றி அறிவியல் கட்டுரைகள் எழுதுவது என் தொழில். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் கிடையாது. கட்டுரை அச்சானால் பணம் வரும். பஸ் செலவு என்னுடையது.

சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டுக்குப் போயிருந்தேன். அங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். நம் வீட்டுப் பாயசத்து ஜவ்வரிசி அதிலிருந்துதான் வருகிறது. காட்டுக்காரப் பாட்டி ஒரு குருத்தை ஒடித்து என் உள்ளங்கையில் வைத்தார். இலைகள் சுருண்டு முடிச்சுப்போல இறுகியிருந்தன. இடுக்கெல்லாம் வெள்ளை மாவு. "ரெண்டு தடவை மருந்தடிச்சாச்சு கண்ணு, போக மாட்டேங்குது."

அது மாவுப்பூச்சி. சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்து, கோடிக்கணக்கானவர்கள் சோறாகச் சாப்பிடும் மரவள்ளியைச் சூறையாடியது. அதன் எதிரியைத் தேடியபோது பராகுவே நாட்டில் கிடைத்தது ஒரு குளவி. கடுகளவுதான் இருக்கும். அதைப் பெருக்கி ஆப்பிரிக்காவில் பரப்பிய பணிக்குத் தலைமை ஏற்ற ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. இந்தியாவில் இந்தப் பூச்சி 2020இல் திருச்சூரில் தென்பட்டது. மறு ஆண்டே பெங்களூரு விஞ்ஞானிகள் பெனின் நாட்டிலிருந்து அதே குளவியைத் தருவித்தார்கள். 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் பறக்கவிட்டார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது தலைப்பை மாற்றியிருந்தார்கள்: 'மரவள்ளிக்குக் குளவி ஆபத்து'. மறுநாள் பாட்டியின் பேரன் போனில் கேட்டார்: "அக்கா, குளவிக்கு என்ன மருந்து அடிக்கணும்?"

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தக் குளவி மனிதரைக் கொட்டாது, செடியைத் தொடாது. மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். பத்திரிகைக்காரர்கள் திருத்தம் போட்டார்கள், எட்டாம் பக்கத்து மூலையில். அதை அந்தக் காட்டில் யார் படிப்பார்கள்? மறுபடி பஸ் ஏறினேன். இரண்டாவது பயணத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. தர வேண்டும் என்று பத்திரிகைகளிடம் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பூதக்கண்ணாடியோடு குருத்து குருத்தாகப் பார்த்தோம். வெகு நேரம் கழித்து ஒன்று அகப்பட்டது: உப்பி, பழுப்பேறி, தோல் இறுகிப்போன ஒரு மாவுப்பூச்சி. முதுகில் ஊசி குத்தியதுபோல ஓட்டை. தாய்க்குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். புழு உள்ளிருந்தபடியே அதைத் தின்று வளர்ந்து, குளவியாகி வெளியே வரும் என்று சொன்னேன்.

பாட்டி கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "இந்த ஓட்டை வழியாவா போச்சு?"

"ஆமாம் பாட்டி. அடுத்த பூச்சியைத் தேடிப் போயிருக்கும்."

பேரன் முதுகில் தெளிப்பானோடு வரப்பில் நின்றிருந்தார். அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக்குக் கை நீட்டினார்.