ஐயா, படிச்சீங்களா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியிலே சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற நண்பர்களே, வீட்டில் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே!

மாணவன் எழுத்தை ஆசிரியர் வளர்ப்பது பிழை சுட்டியா, பாராட்டியா? இதுதான் தலைப்பு. பாராட்டியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் நக்கீரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இறைவன் பாட்டிலேயே பிழை கண்ட பரம்பரை நாம் என்றார். கைதட்டலும் வாங்கிட்டார். சரிங்க, நான் சீத்தலைச் சாத்தனாரைக் கூட்டி வருகிறேன். அடுத்தவர் பாட்டில் பிழையைக் கண்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம். அந்தப் புண்ணில் சீழ் பிடித்துச் சீத்தலை ஆனாராம். சீத்தலை என்பது ஊர்ப்பெயர் என்று சொல்கிற அறிஞர்களும் உண்டு, அது இருக்கட்டும். கதையைப் பாருங்க. பிழை அடுத்தவருடையது; குத்து தனக்கு. நாம என்ன செய்றோம்? பிழையும் பையனுடையது, குத்தும் பையனுக்கே! (சிரிப்பு)

அதே நக்கீரருக்கே வருகிறேன். இறையனார் களவியலுக்குப் புலவர்கள் ஆளாளுக்கு உரை எழுதினார்கள். எது நல்ல உரை? தீர்ப்புச் சொல்ல யார் வந்தார் தெரியுமா? உருத்திரசன்மன். ஐந்து வயதுப் பிள்ளை, வாய் பேசாதவன். உரைப்பாயிரம் சொல்கிற கதை இது. எல்லோரும் வாசித்தார்கள், பிள்ளை அசையவில்லை. மருதன் இளநாகனார் வாசித்தபோது ஆங்காங்கே கண்ணீர் விட்டான். நக்கீரர் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் விட்டான், மெய்சிலிர்த்தான். அதுதான் தீர்ப்பு! குற்றம் கண்டுபிடித்த நக்கீரர் எழுத்தே தேறியது எதனால் ஐயா? ஒரு குழந்தை சொல்லுக்குச் சொல் காது கொடுத்துக் கேட்டதனால்! (கைதட்டல்)

இப்போது என் கதை. பணியில் சேர்ந்த புதிது. முதலாண்டு மாணவர்களுக்கு "மழைக்காலம்" என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பையன் நோட்டில் பதினோரு வட்டம் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வந்து நின்றான்.

"ஐயா, கட்டுரையைப் படிச்சீங்களா?"

"பதினோரு பிழை திருத்தியிருக்கேனேப்பா!"

"அது தெரியுதுங்கய்யா. படிச்சீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நோட்டை வாங்கி மறுபடி பார்த்தேன். மழை வந்தால் கூரை ஒழுகும், என் புத்தகம் நனையக் கூடாது என்று அம்மா விடிய விடியச் சட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தான். "ஒழுகும்" என்பதை "ஒலுகும்" என்று எழுதியிருந்தான். அந்த வீட்டுக் கூரை என் கண்ணில் படவே இல்லை; லகரம்தான் பட்டது. முனைவர் பட்டம் வாங்கி என்ன பயன்?

அந்த வட்டங்களுக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்: "அம்மா காப்பாற்றிய புத்தகம் எது?" பையன் நாலு பக்கம் பதில் எழுதிக்கொண்டு வந்தான். அதிலே பதினாலு பிழை! (சிரிப்பு) ஆனால் இந்த முறை பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்தினேன். அவனும் முகம் கோணாமல் திருத்திக்கொண்டான்.

பிழையைச் சொல்ல வேண்டாமா என்பார்கள். சொல்லுங்க. வள்ளுவரே இடித்துச் சொல்லும் துணை வேண்டும் என்கிறார். ஆனால் இடிப்பதற்கு முன்னால் துணையாக இருக்கணும், இல்லையா? பாராட்டு என்றால் "நன்று" என்று கிறுக்குவதும் அல்ல. கைப்பேசியிலே கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறோமே, அதுவும் படிக்காத திருத்தமும் ஒன்றுதான். இந்த வரி என்னைத் தொட்டது என்று எடுத்துச் சொல்வதுதான் பாராட்டு. அதற்கு முழுக்கப் படித்தாக வேண்டும்.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை நோட்டை நீட்டினால், எழுத்து ஏன் கோணல் என்று தொடங்காதீர்கள். என்ன எழுதியிருக்கே, படிச்சுக் காட்டு கண்ணு என்று தொடங்குங்கள். கோணலை அப்புறம் நிமிர்த்தலாம்.

நடுவர் அவர்களே, அந்தப் பையன் கேட்ட கேள்வியையே உங்கள் முன் வைத்து, பாராட்டியே என்று தீர்ப்பு வழங்கக் கேட்டு அமர்கிறேன்.